சுடர் ஆடாத வீடு

“ஹலோ… ஹலோ… ஆங், கேக்குது, கேக்குது. நான்தான்டி. மத்தியானம் மூணு மணிக்கு உனக்கு வேற யாரு போன் பண்ணுவா, மந்திரியா?… கால் அப்படியேதான் இருக்கு. மாவுக்கட்டுக்குள்ள அரிப்பு உயிர் போகுது… ஆமா, ஆமா, ஸ்வெட்டர் ஊசியை விட்டுத்தான் சொறியறேன். அதை விடு. உன் ஜன்னல்ல பளபளன்னு என்னடி ஒட்டியிருக்க? மிட்டாயைச் சுத்தற மாதிரி வீட்டையே சுத்தி வச்சிட்டியே!”

படிக்கட்டில் தடுக்கி விழுந்து கணுக்கால் ஒடிந்ததிலிருந்து அக்காவுக்கு உலகம் என்பது மூன்றாம் மாடி பால்கனியும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், கைப்பேசியும்தான். உலகம் சுருங்கிவிட்டதே என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். எதிர்க் கட்டடத்தில் எந்த வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, எந்தக் கொடியில் கடன் வாங்கிய புடவை காய்கிறது என்பதெல்லாம் முன்பைவிட இப்போதுதான் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. குடியிருப்பில் அவளுக்கு ‘கேமரா அக்கா’ என்று பெயர். வைத்தது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். நேர் எதிரே, அதே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சொந்தத் தங்கைதான்.

“என்னது, காத்துப் புகாத தாளா?… ம்… ம்… இடுக்குக்கெல்லாம் பஞ்சு நாடாவா? சரி, ஓட்டை எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?… மெழுகுவத்தியா! ஏத்தி வச்சு வீடு முழுக்கத் தூக்கிட்டுப் போனீங்களா, ரெண்டு பேரும்? பேய் ஓட்டற மாதிரி!… சிரிக்கலடி. சொல்லு… ம்… சுடர் ஆடினா ஓட்டை. ஆடலைன்னா நல்ல வீடு. இப்ப?… ஆடவே இல்லையா? ஒரு துளிகூட? அப்படியே வரைஞ்சு வச்ச மாதிரி நின்னுச்சா?… கெட்டிக்காரிதான் போ. அந்தப் பச்சை இலைப் பலகை உனக்குத்தான்.”

பச்சை இலைப் பலகை என்பது குடியிருப்போர் சங்கத்தின் ஏற்பாடு. வருஷத்தில் எந்த வீட்டு மீட்டர் குறைவாக ஓடுகிறதோ அந்த வீட்டு வாசலில் அதை மாட்டுவார்கள். உள்ளங்கை அகலத் தகரம்தான். போன வருஷம் அது முதல் மாடி டீச்சர் வீட்டுக்குப் போனது. அன்றைக்குத் தங்கை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி. அந்தக் கேள்வியைக் குடியிருப்பு முழுக்கப் பரப்பியதும் அக்காதான். தங்கையோ பலகைக்காக மட்டும் இதைச் செய்கிறவள் இல்லை. மரம் வெட்டினால் அழுவாள், காய் கழுவிய தண்ணீரைச் செடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். கணவன் கப்பலில் வேலை. வீட்டில் அவளும் கல்லூரி போகும் மகளும் மட்டும். பாத்ரூமில் இருந்த மின்சார ஹீட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு கேஸ் ஹீட்டர் மாட்டியதும், குளிர் நுழையாமல் ஜன்னலை அடைத்து ரூம் ஹீட்டரை நிறுத்தியதும் மீட்டரை நினைத்துத்தான்.

“ஹலோ, ஹலோ… ஏன்டி விட்டு விட்டு வருது?… சார்ஜ் இல்லையா? எத்தனை இருக்கு?… ஒம்போதா! போட்டுத் தொலையேன்… ஆமா, தெரியும், தெரியும், ராத்திரி ஒரே ஒரு தடவைதான் போடுவ. நாளைக்கு எங்கியாவது விழுந்து கிடந்தா எனக்கு எப்படிச் சொல்லுவ, புறா விட்டா?… சரி சரி, கோச்சுக்காத. ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன், கேளு. உன் மாப்பிள்ளை வந்தாச்சு.”

சொல்லிவிட்டு அக்கா சுவாரஸ்யமாக நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

“குருவிடி, குருவி! உன் பாத்ரூம் சுவத்துல புகைக்குழாய் இருக்கே, அங்கதான். வாய் நிறைய வைக்கோல். மறுபடியும் கூடு கட்டப் போகுது போல… பழைய கூடா? ஏன், அது அப்படியேதான் இருக்கு, குழாய் வாயில தாடி மாதிரி தொங்குது. நீ எடுக்கலையா?… ஓஹோ. குஞ்சுங்க பறந்து போனாலும் வீடு அதுங்களோடதா? நல்ல சட்டம்டி. எனக்கு ஒரு வீட்டுக்காரன் இப்படி வாய்ச்சிருந்தான்னா…”

தூறல் விழுந்துகொண்டிருந்தது. தங்கை வீட்டு ஜன்னல் தாள்களெல்லாம் உள்பக்கம் வியர்த்துப் போயிருந்தன.

“யாரு, பொண்ணா? மழையில நனைஞ்சு வந்ததைப் பாத்தேனே. தெப்பமா வந்தா… குளிக்கிறாளா? இந்தக் குளிருல பச்சத் தண்ணியிலயா?… அட, ஹீட்டர் போட்டாச்சா! குருவிக்காக மாசக்கணக்கா ரெண்டு பேரும் நடுங்கிட்டுக் குளிச்சீங்களே… ஆமா, ஆமா, குஞ்சு போயிடுச்சு, இனி என்ன. குளிக்கட்டும், குளிக்கட்டும். பாவம் புள்ள.”

குருவி மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. எழுந்து குழாய் வரை போனது. வாசலில் இறக்கை படபடக்க நின்றது. திரும்பிக் கம்பிக்கே வந்தது. அலகில் வைக்கோல் அப்படியே இருந்தது.

“உனக்கு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? தூங்கி எழுந்தியா?… தலைவலியா? எப்போலேந்து?… டீ குடிக்கலைன்னா அப்படித்தான்… ம்… ம்… மெழுகுவத்தியா? ஆமா, சொன்னியே, சுடர் ஆடலைன்னு… ம்… ஆமாடி, இப்பதானே சொன்ன… திரும்பவும் அதையே சொல்ற… என்ன சிரிப்பு இது? எதுக்குச் சிரிக்கிற?”

அக்காவின் கை மாவுக்கட்டைச் சொறிவதை நிறுத்தியது. தங்கையின் சிரிப்பு அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து பழக்கம். இது அந்தச் சிரிப்பு இல்லை. யாரோ தொலைவிலிருந்து அவள் வாயைக் கடன் வாங்கிச் சிரிப்பது போல இருந்தது.

“உக்காந்திருக்கியா, நிக்கிறியா?… ஏன் தரையில உக்காந்த?… காலு துவளுதா… வாந்தி வர மாதிரியா? ஏய், அந்தப் பொண்ணு பாத்ரூமுக்குள்ள போய் எவ்வளவு நேரம் ஆச்சு?… நான் போன் பண்றதுக்கு முன்னாடியே போயிட்டாளா? தண்ணிச் சத்தம் கேக்குதா?… கேக்குது. சரி. அவ பாடுவாளே குளிக்கும்போது. பாடறாளா?”

அக்கா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பாடலையா.”

குருவி மறுபடி எழுந்தது, குழாய் வரை போனது, திரும்பியது. மழையில் எதிர்ச் சுவரெல்லாம் கறுத்திருக்க, குழாயின் வாயில் மட்டும் வைக்கோல் காய்ந்து, ஓரம் பொசுங்கிப் பழுப்பாகத் தெரிந்தது. புகை வெளியே வரவில்லை. ஒரு இழைகூட. எரிகிற ஹீட்டருக்குப் புகை இல்லாமல் போகுமா? எங்கேயோ போகத்தான் வேண்டும்.

“நான் சொல்றதைக் கேளு. பேசாம கேளு. கடைசித் தெருவுல புதுசாக் குடிவந்துச்சுங்களே, சின்னஞ்சிறுசுங்க, பாத்ரூமுக்குள்ள பொணமாக் கிடந்ததுங்களே, ஞாபகம் இருக்கா? மொட்டைமாடியில உக்காந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோமே. கடைசியில என்ன சொன்னாங்க? ஹீட்டர் புகைன்னாங்கல்ல? மணமும் இல்ல, நிறமும் இல்லன்னாங்கல்ல?… இல்லடி, கேலி இல்ல… ஐயோ, கதை கட்டலடி! வீட்டை அடைச்சிருக்க. குழாயைக் குருவி அடைச்சிருக்கு. புகை உன் வீட்டுக்குள்ளதான்டி இருக்கு!… பலகை டீச்சருக்குப் போகணும்னு நான் ஏன் நினைக்கப் போறேன்?… பொறாமையா! எனக்கா!”

நாற்பது வருஷமாக இவளைக் கிண்டல் செய்து செய்து அக்கா சேர்த்து வைத்த சொத்து இதுதான். கத்தினால் நடிப்பு. கெஞ்சினால் நக்கல். போன மாதம் பாம்பு வந்துவிட்டது என்று தொலைபேசியில் அலறி, தங்கையைக் கட்டில்மேல் ஏற வைத்து, இந்தப் பால்கனியிலிருந்தே விழுந்து விழுந்து சிரித்தவள்தானே.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, அம்மா போன பிறகு யாருமே கூப்பிடாத பெயரால் கூப்பிட்டாள்.

“பாப்பா.”

கண்ணைத் திறந்து எதிர் ஜன்னலைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

“பாப்பா, அக்கா சத்தியமாச் சொல்றேன். எழுந்திரு… ஆமா. ஆமாம்மா. எழுந்திரு. சுவத்தைப் பிடிச்சுக்கோ. முதல்ல வாசக் கதவைத் திற, பக்கத்துலதானே இருக்கு… சபாஷ். திறந்தியா?… அப்படியே விட்டுடு, சாத்தாத. சிலிண்டர் எங்க, சமையக்கட்டுலயா? வழியில இருக்கு, மூடிட்டுப் போ. லைட்டு, ஃபேன் எதையும் தொடாத… மூடிட்டியா? எந்தப் பக்கம் திருப்பின?… சரி, சரி. இப்ப ஜன்னல். தாளைக் கிழி… நகத்தால கிழி!”

வாயிலிருந்து கைப்பேசியை விலக்கி, எலும்பு ஒடிந்த கால் மறந்துபோய் எழுந்து, அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே அலறினாள்.

“செக்யூரிட்டி அண்ணே! அண்ணே! எதிர் வீட்டுக்கு ஓடுங்க! மூணாவது மாடி! என் தங்கச்சி வீட்டுக்கு! பாத்ரூம் கதவை உடைங்க!… விளையாட்டு இல்லண்ணே, என் புள்ள மேல சத்தியம்! குடையை வச்சிட்டு ஓடுங்கண்ணே!”

குடையோடு நிமிர்ந்து பார்த்த செக்யூரிட்டியும் ஒரு நொடி யோசிக்கத்தான் செய்தார். கேமரா அக்காவின் கூச்சலுக்கு ஓடி அசடு வழிந்த அனுபவம் அவருக்கும் இருந்தது. ஆனால் மாவுக்கட்டுக் காலில் அவள் நிற்பதைப் பார்த்தார். குடை வழியிலேயே விழுந்தது.

எதிர் ஜன்னலில், பளபளக்கும் தாளுக்குப் பின்னால் ஒரு கை வந்தது. ஐந்து விரலும் தாளில் பதிந்தன. தாள் வெளிப்பக்கமாக உப்பியது. கிழியவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள். கை மெதுவாக வழுக்கிக்கொண்டு கீழே போனது.

“பாப்பா! கையை எடுக்காத! சாவி, கரண்டி, ஏதாவது எடுத்துக் குத்து… பாப்பா, பேசு… ம், ம், கேக்குது, மூச்சு விடறது கேக்குது… குத்து… குத்துடி!”

கரண்டிக் காம்பின் நுனி தாளைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஒரு நீளக் கிழிசல்.

“அப்படித்தான்! முகத்தை வெளிய வை. இழு, மூச்சை இழு… பொண்ணு? வரேன் வரேன், அதைத்தான் சொல்றேன். நீ நகராத. அண்ணன் வந்துட்டே இருக்காரு… உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்காளா… கதவுக்கு அடியில ரப்பர் வேற ஒட்டியிருக்கியா? ஏன்டி, அதுக்குமா?… சூடு வெளிய போகாம இருக்கவா… அழாத. இப்ப அழாத. அவ பேரைச் சொல்லிக் கூப்பிடு. நானும் கூப்பிடறேன், ஸ்பீக்கர்ல போடு… ஏய் குட்டி! பெரியம்மா பேசறேன்! எழுந்திருடி! குட்டி!”

தண்ணீர் கொட்டும் சத்தம். அதைத் தவிர ஒன்றுமில்லை.

“அண்ணே, வந்துட்டீங்களா? அந்தச் சத்தம் நீங்கதானா?… தோளால இடிங்க. தாழ்ப்பாள் சின்னதுதான்… இடிங்க, இடிங்க… பாப்பா, அது என்ன பீப் சத்தம்? உன் போனா?… எத்தனை இருக்கு சார்ஜ்?… ஒண்ணா? ஒண்ணா சொன்ன? வேண்டாம், வச்சிடாத, லைன்லயே இரு… உடைஞ்சுதா? கதவு உடைஞ்சுதா? யாராவது பேசுங்க! தண்ணிச் சத்தம் பெருசாக் கேக்குதே… அண்ணே, அவ எப்படி இருக்கா? என்ன நிறத்துல இருக்கா?… இரு. இரு, இரு. இருமல். யாரோ இருமினாங்க. கேட்டேன். யாரு அது? பாப்பா, இருமினது நீயா? அவளா? ஒரே ஒரு வார்த்தை சொல்லு, நீயா, அவ—”

தொடர்பு அறுந்தது.

அக்கா திரும்ப அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. எதிர் ஜன்னலில் யாரும் இல்லை. கிழிந்த தாள் மட்டும் காற்றில் உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. அதோடு சேர்ந்து அந்த வீட்டில் அம்மாவும் மகளும் மூச்சு விடுகிறார்களா என்பது, எல்லா வீட்டுச் சங்கதியும் தெரிந்த அந்தப் பால்கனிக்குத் தெரியவில்லை.