சத்தமில்லாமல் விழுவது

"இப்பல்லாம் நாங்க சத்தமே இல்லாம விழறோம் சார்."

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மா இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அந்தம்மா பக்கத்தில் ஆபீஸ் கார்டு மாட்டியிருந்தவர் கேட்டார்: "நம்ம அய்கிடோ தற்காப்புக் கலை கிளப் இன்னும் நடக்குதா மேடம்? சர்ச் ஹாலைக் காலி பண்ணச் சொன்னதோட நான் நின்னுட்டேன்."

"பாட்டு பிராக்டிஸுக்குத் தொந்தரவுன்னாங்க. அப்புறம் பொழிச்சலூர்ல ஒரு மாடி. ஆளைத் தூக்கிப் போட்டா கீழ் வீட்டு ஃபேன் ஆடுதாம். அங்கயும் காலி. இப்ப ராஜகீழ்ப்பாக்கத்துல, ஹவுஸ் ஓனர் தலைக்கு மேலயே கிளாஸ்."

"ஐயோ! அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"முதல் நாளே கத்தினார். இனிமே எங்கயும் காலி பண்றதில்லன்னு முடிவு பண்ணோம். மூணு மாசம் வேற எதுவும் கத்துக்கல, விழறது மட்டும்தான். தொம்முன்னு கேட்டா, எழுந்து மறுபடி விழணும். எனக்கு முட்டியெல்லாம் வீங்கிடுச்சு. விடல."

"இப்ப?"

"நேத்து சாயங்காலம் பன்னெண்டு பேரும் விழுந்து எழுந்துகிட்டிருக்கோம், ஓனர் மேல வந்து அப்படியே நின்னுட்டார். 'எல்லாரும் போயாச்சு, லைட்டை அணைக்காம விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்'னார்."