பதினேழாம் நம்பர் தகடு

மாலை நாலே கால் மணி. ரியாத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்... ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. மணலும் ஒற்றைத் தண்டவாளமும்தான்.

சாயங்காலத்தில் பேயா என்று சிரிக்கிறவன் வெளியே போய்ச் சிரி. நம் ரூமுக்கு வெளியே, பத்தா தெருவில் இப்போது அடிக்கிற புழுதியைப் பார்த்தாய் அல்லவா? அன்றைக்கு இதைப்போலப் பத்து மடங்கு. நாலே காலுக்கே கும்மிருட்டு. கதவிடுக்கில் அந்த ஈரத்துண்டை நன்றாகத் திணி. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற என் சட்டையை மட்டும் யாரும் தொடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இது நம் பன்னீர்செல்வத்தின் அக்கா புருஷனுக்கு நடந்தது. பெயர் சோலைமுத்து. அவரைத் தேடித்தான் பன்னீர் லீவு போட்டுத் தமாமிலிருந்து வந்திருக்கிறான். பன்னீர், முடியும்வரை குறுக்கே பேசாதே. நடுவில் நிறுத்தினால் என்னால் மறுபடி ஆரம்பிக்க முடியாது.

சோலைமுத்துவுக்கு மணல் தள்ளும் டீசல் இன்ஜினில் டியூட்டி, டிரைவருக்கு உதவியாள். குளிர் நாட்டில் பனி தள்ளுவதற்காகச் செய்த இன்ஜின் அது. முன்னால் ஆள் உயரத்துக்கு இரும்புக் கலப்பை. பனியைத் தள்ளியதை இங்கே கொண்டுவந்து மணலைத் தள்ள விட்டார்கள். தண்டவாளத்தை மூடிய மணலை அது வாரி ஓரத்தில் வீசும். ஒரே வீச்சில் ஒரு லாரி மண் விழும். அடியில் எது கிடந்தாலும் தெரியாது.

கலப்பைக்கு எட்டாத இடத்தில் ஆட்கள் மண்வெட்டியோடு இறங்குவார்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு. டிரைவர் கேபினில் ஆணியடித்த பலகை இருக்கும். இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட தகட்டை அதில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். திரும்பி ஏறியதும் அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் தகடு தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான். பலகை காலியானால்தான் வண்டி நகரும்.

நம் ஆட்கள் சட்டத்தை எங்கே மதிக்கிறோம்? ஊரில் பஸ்ஸுக்குள் துண்டைப் போட்டு நாலு பேருக்கு இடம் பிடிக்கிற கூட்டம்தானே. வெயிலில் வந்து கேபினுக்கு ஏற அலுப்பு. நேராகப் பின்பெட்டிக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். ‘என்னோடதையும் சேர்த்து எடுத்துருண்ணே’ என்பார்கள். அண்ணனும் எடுத்துவிடுவார்.

போன வருஷம் ஜூலையில், இருநூற்றுப் பதினாலாவது கிலோமீட்டரில், சோலைமுத்து அப்படித்தான் பதினேழாம் நம்பரை எடுத்தார். மணிமாறனுடைய தகடு. கமுதிக்காரன், சோலைமுத்துவுக்குப் பக்கத்து ஊர். அன்று அவனுக்குக் காய்ச்சல். நெற்றி நிறையக் கோடாலித் தைலம் தடவிக்கொண்டு வேலைக்கு வந்தான். பின்பெட்டியில் படுத்திருப்பான் என்று இவர் நினைத்துவிட்டார். அவன் மணல் மேட்டு நிழலில் படுத்திருந்தான்...

இன்ஜின் கிளம்பிவிட்டது. கலப்பை வாரிய மணல் அந்த ஓரத்தில்தான் விழுந்தது.

யார்டில் வந்து எண்ணினால் ஓர் ஆள் குறைகிறது. சோலைமுத்துவின் பையில் தகடு. உண்மையைச் சொன்னால் ஜெயில். ‘யார்டுல எறங்கி கேட் பக்கம் போனான், என் கண்ணால பார்த்தேன்’ என்று சொன்னார். அதனால் லைனில் யாரும் தேடவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று கஃபீல், விசா கொடுத்த அரபி முதலாளி, எழுதிக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான், கலாஸ்.

வெள்ளிக்கிழமைதோறும் மணிமாறன் பெண்டாட்டி நாகவள்ளி ஊரிலிருந்து போன் பண்ணுவாள். ‘அண்ணே, அவரு எங்கண்ணே ஓடிப்போனாரு? என்னை விட்டுட்டு ஓடுற ஆளாண்ணே?’ அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு இவர் பொய் சொல்வார். பதினாலு மாதம் சொன்னார்.

இப்போது அந்த நாலே காலுக்கு வருகிறேன். அதே இருநூற்றுப் பதினாலு. டிரைவர் கலீல் ரஹ்மான், கீழக்கரை பாய், இந்த லைனுக்குப் புதுசு. எட்டுப் பேர் இறங்கி, வெட்டி, ஏறினார்கள். சட்டத்தில் கெட்டியான பாய் என்பதால் எட்டுப் பேரும் வரிசையாகக் கேபினுக்கே வந்து, அவரவர் தகட்டை எடுத்தார்கள். பலகையில் ஒன்று மிச்சம்.

பதினேழு.

சோலைமுத்து அதை எப்போதோ மணலில் வீசியிருந்தார். தகட்டில் துரு இல்லை. ஈரம் இருந்தது... மூடிய கேபினுக்குள் கோடாலித் தைல வாடை.

‘தகடு தொங்குதே சோலை... ஆள் கீழ இருக்கான்யா’ என்று பாய் ஹாரன் அடித்தார். மூன்று முறை, நீளமாக.

வெளியே புழுதிக்குள் யாரோ தண்டவாளத்தில் மண்வெட்டியால் தட்டினார்கள். டங்... டங்... டங்.

சோலைமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ‘நான்தான் பாய் எடுத்தேன். அவன் தகட்ட நான்தான் எடுத்தேன்.’ எல்லாவற்றையும் சொன்னார். எட்டுப் பேரும் கேட்டார்கள். பிறகு தன் தகட்டை, ஒன்பதாம் நம்பரை, பதினேழுக்குப் பக்கத்தில் மாட்டினார். ‘போய் எடுத்துட்டு வாரேன் பாய். நாகவள்ளிக்கு ஒரு பதில் சொல்லணும்.’ மண்வெட்டியோடு இறங்கினார்.

மணலை வெட்டும் சத்தம் கேட்டது. சரக்... சரக்... ஒரு மண்வெட்டி.

கொஞ்ச நேரத்தில் இரண்டு மண்வெட்டி.

எட்டுப் பேரும் கேபினில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வயர்லெஸ்ஸில் யல்லா, யல்லா, கிளம்பு என்று கத்துகிறார்கள், பின்னால் கூட்ஸ் நிற்கிறது. தகடு தொங்கும்போது நகர மாட்டேன் என்று பாய் பிரேக்கைப் பிடித்தபடி இருந்தார். நாற்பது நிமிஷம். பிறகு வெட்டும் சத்தம் நின்றது. கேபின் ஏணியில் காலடி... ஒரு படி. இரண்டாவது படி. ஏறுவது ஒரு ஆளா, இரண்டு ஆளா, தெரியவில்லை.

அப்போது எட்டுப் பேரில் ஒருவன் கதவுக்குக் கொண்டி போட்டான். பலகையிலிருந்து இரண்டு தகட்டையும் பறித்தான். ‘காலி பாய்! பலகை காலி! எடுங்க வண்டிய!’ என்று கத்தினான்.

பாயும் மனிதர்தானே. எடுத்துவிட்டார்.

கலப்பை மணலை வாரி அதே ஓரத்தில் வீசியது. அதோடு ஒரு குரல்... இல்லை, அதை நான் சொல்ல மாட்டேன்.

யார்டில் ஒரு காகிதம் எழுதினார்கள். சோலைமுத்து யார்டில் இறங்கி கேட் பக்கம் போனார், எங்கள் கண்ணால் பார்த்தோம். அதே வார்த்தைகள்தான். பாய் முதலில் கையெழுத்துப் போட்டார், அப்புறம் எட்டுப் பேர்.

பன்னீர், உன் மச்சான் ஓடிப்போகவில்லை. உன் அக்காவிடம் சொல். தகட்டைப் பறித்தவன் நான்தான். ஆறு வாரமாக உன் போனை எடுக்காமல் இருந்ததும் அதனால்தான். நான் கோழை. என்னை அடிக்க வேண்டுமானால் அடி... ஆனால் முதலில் இதைக் கேள்.

இரண்டு தகட்டையும் அன்றைக்கே பத்தா பாலத்தடியில் குப்பையில் போட்டுவிட்டேன். இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது நம் கதவு ஆணியைப் பார்த்தேன். பார்த்ததும் மேலே சட்டையை மாட்டி மறைத்தேன். டியூட்டிக்கும் போகவில்லை. இருநூற்றுப் பதினாலு என்று உனக்குச் சொல்லிவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். இனி நீ போய்த் தோண்டலாம், போலீஸைக் கூட்டிப் போகலாம்.

எங்கே எழுந்திருக்கிறாய்? சட்டையை விடு... விடு என்கிறேன்!

பார்த்தாயா. ஒன்பது. பதினேழு. ஈரம்கூடக் காயவில்லை.

கையை எடு பன்னீர். நீ எடுக்காதே. நான் எடுத்தேன், சோலைமுத்து எடுத்தார், போதும். அவரவர் தகட்டை அவரவர்தான் எடுக்க வேண்டும்.

யார் தைலம் தடவியது?... ஒருவரும் இல்லையா?

எல்லோரும் சும்மா இருங்கள். மாடிப்படிக் கம்பியில்... டங்...

கதவிடுக்கிலிருந்து அந்த ஈரத்துண்டை வெளியே இழுப்பது யார்?