ஆமா என்று சொல்லப் பழக்கினேன்

இந்த மலையில் தேத்தண்ணி சீக்கிரம் ஆறிவிடும், விக்னேஸ்வரி. குடித்துக்கொண்டே கேள். இலங்கையிலிருந்து புருஷனின் போட்டோவைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். நான் கொழுந்து பறிக்கிறவள், எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

குகன் எட்டு வருடம் இந்த வீட்டில்தான் இருந்தான். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து பெண்டாட்டி செத்துப்போனாள் என்றான். அவனும் அப்படி நம்பியிருக்கலாம். இறந்துபோன என் புருஷன் சுப்பிரமணியத்தின் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, அவனுக்குக் கொடுத்தேன். எங்கள் பேச்சையும் கொடுத்தேன். அவன் வாயில் ‘ஆமா’வுக்கு ‘ஓம்’ என்றுதான் வரும். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை.

“ஆமா லா. எங்க, சொல்லு” என்று ஆறு மாதம் பழக்கினேன். இமிகிரேசன் இரண்டு தடவை சோதனைக்கு வந்தும் தப்பித்துக்கொண்டான்.

தகரக் கூரையில் மழை அடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். நானும் கூடப் போய்ப் படுத்துக்கொள்வேன். “திரும்பவும் கம்பி வேலிக்குள்ள போட்டா நான் உயிரோட இருக்க மாட்டன்” என்பான். என்னிடம்தான் சொன்னான், உன்னிடம் இல்லை.

போன வருடம் ஒருநாள் குளிக்கிற அறைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. “ஓம் விக்கி, ஓம்.” மூன்று மாதமாக உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயிறு எரிந்தது. உன்னைப் பார்த்தால் இப்போதும் எரிகிறது.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வந்த இமிகிரேசன் அதிகாரி தமிழர். குகனிடம் இரண்டு கேள்வி கேட்டார். ‘ஆமா லா’ என்று ஒழுங்காகச் சொன்னான். ஐசியைத் திருப்பி நீட்டினார். அப்போதுதான் நான் குகனிடம் சொன்னேன்.

“உன் விக்கி, தானா ராத்தா டவுன் பஸ் ஸ்டேஷன்ல வந்து நிக்கிறாளாம்.”

“ஓமோ? என்ர விக்கியோ? எங்க நிக்கிறா?”

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதிகாரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

இமிகிரேசன் முகாமில், கம்பி வேலிக்குள் அடைத்த பதினோராம் நாள் செத்துப்போனான். ஐசி என் புருஷனுடையது என்பதால் அங்கிருந்த வேறு அதிகாரிகள் என்னைக் கூப்பிட்டு உடலைக் காட்டினார்கள். அது திருட்டுப்போன ஐசி, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்றேன். பேரில்லாமல் புதைத்தார்கள்.

நீ அழு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் பொய்க்காரி என்று மட்டும் சொல்லிவிடாதே. தானா ராத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கித்தானே வந்தாய்? நான் கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.