தள்ளிவிட்ட கை

"அந்த ஜெர்மன் ரேஸ் காரோட பேர ஒழுங்காச் சொல்லத் தெரியாதவங்க அதத் தொடவே கூடாது நானா."

நானுஓயாவிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் டவுன் கடைக்காரர்கள் இரண்டு பேர். சொன்னவர் துணிக்கடை. அவர் 'நானா' என்று கூப்பிட்ட முஸ்லிம் அண்ணன் செருப்புக்கடை.

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"கடைசியில 'ஷா'ன்னு முடிக்கணும். நீங்க 'ஷ்'ஷோட நிறுத்திடுறீங்க."

"எனக்கு அவ்வளவுதான் வருது. நம்ம நடிகர் படத்த விட்டுட்டு ரேஸ் ஓட்டுறாரே, அவரு பேரச் சொல்லிச் சொல்லியா ஓட்டுறாரு?"

"அவரு பேட்டியில 'ஷா'ன்னுதான் சொன்னாரு. நான் கேட்டேன்."

நானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வளைவில் பஸ் நின்றது. இவர்கள் பேசிக்கொண்டு வந்த அதே ஜாதிக் கார், நல்ல சிவப்பு, பின்சில்லு ரோட்டோரத்துத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, பாதையை அடைத்துக் கிடந்தது. கண்டக்டர் தள்ளுவதற்கு ஆள் கேட்டார். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். துணிக்கடைக்காரர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார்.

கார் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. பஸ் மொத்தமும் கைதட்டியது.

நானா முழங்கால் வரை சேறோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏறுச்சா, இல்லையா?"

"ஏறுச்சு நானா."

"உங்க நடிகர் ஓட்டிட்டுப் போகட்டும். தள்ளி ஏத்துனவன் நான். இந்தப் பாதையில இனி நான் சொல்றதுதான் அதுக்குப் பேரு."