மாட்டுக் கணக்கு

வயசுதானே சார் கேக்குறீங்க, சொல்றேன், வயசு எங்கிட்டும் ஓடிப்போயிறாது. மொதல்ல இந்த மோரைக் குடிங்க. திருமங்கலத்துல பஸ் ஏறி, ரோட்டு முக்குல எறங்கி, இம்புட்டுத் தூரம் கரிசப் புழுதியில நடந்து வந்திருக்கீங்க. முன்னெல்லாம் வில்லு வண்டியில வந்தீங்க, டிப்டி இன்ஸ்பெக்டர்னா அப்படித்தான் வருவாகன்னு ஊருல பேச்சு. இன்னைக்கு நடந்து வந்த ஒங்களை அடையாளம் தெரியாம, யாரோ பொண்ணு பாக்க வந்திருக்காகன்னு வாசல்ல ரெண்டு பேரு சொல்லிக்கிட்டுப் போறாக.

உப்பா? ஆமா, கொஞ்சம் கூடத்தான் விழுந்துருச்சு. ரெண்டு தடவை போட்டுட்டேன் சார். பயமில்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். உள்ள தொட்டில்ல ஒண்ணு தூங்குது, எட்டு மாசம். மூத்தவளுக்கு ஆறு நடக்குது. எங்க வீட்டுக்காரரு இந்த ஸ்கூலு ஹெட்மாஸ்டரு, நானு டீச்சரு, குடியிருக்கிற இந்த வீடும் மிசன் வீடு. வேலை போச்சுன்னா எல்லாம் ஒரே நாளையில போயிரும். அதைத் தெரிஞ்சுதான் பேசுறேன்.

சர்டிபிகேட்டை நல்லாவே பாருங்க. நான் ஒண்ணும் ஒளிக்கல. நீங்க கேட்ட ஒடனே பெட்டியைத் தொறந்து கையில குடுத்துட்டேன். டீச்சர்மாரு சர்டிபிகேட்டை எல்லாம் சரிபாக்கச் சொல்லி உத்தரவாம், எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஆனா நீங்க ரெண்டு வேலையா வந்திருக்கீங்க. எட்டாப்பு சர்க்கார் பரீட்சைக்குப் போற பிள்ளைக லிஸ்ட்டுலயும் கையெழுத்துப் போடணும்ல. அதை மொதல்ல பேசுவோம். ஒம்பது பேரு எழுதிக் குடுத்தோம். எட்டு பேருக்கு டிக்கு, ஒருத்திக்கு மட்டும் பென்சில் கோடு. ஒச்சாயி பேரை ஏன் சார் அடிச்சீங்க?

செலக்‌ஷன்ல தேறல. சரி. எதுல தேறல? நான் பக்கத்துலதானே நின்னேன் போன மாசம், மறந்தா போவேன். நீங்க நல்ல மனசோடதான் ஆரம்பிச்சீங்க. பிள்ளை மெரண்டு நிக்குதேன்னு ரிஜிஸ்தரைப் புரட்டி அவ அய்யா பேரைப் பாத்துட்டு, அதையே கணக்குல வச்சுக் கேட்டீங்க. மலையாண்டிகிட்ட முப்பத்தாறு மாடு இருந்துச்சு, ஒம்பது மாட்டை வித்துட்டான், இப்ப அவன்கிட்ட எத்தனை மாடு இருக்குன்னு. அவ என்ன சொன்னா? எங்கய்யாவுக்கு மாடே கெடையாதுன்னா. நீங்க சிரிச்சுட்டு, சும்மா வச்சுக்கோ, முப்பத்தாறு மாடு இருக்குதுன்னு வச்சுக்கோன்னீங்க. சத்தியமா இல்ல, வேணும்னா வந்து தொழுவத்தைப் பாருங்கன்னு அழுதா. ஒங்க நோட்டுல என்ன விழுந்துச்சு? கழித்தல் தெரியாது.

சார், இந்த ஊரு எந்த ஊருன்னு ஒங்களுக்குத் தெரியாம இல்ல. மலையாண்டி தினமும் பொழுது எறங்குனதும் நாலு மைல் நடந்து போயி போலீஸ் ஸ்டேசன்ல ரேகை வச்சுட்டு, அங்கனயே படுத்துட்டு, வெள்ளன எந்திருச்சு காட்டு வேலைக்கு வாரவரு. ஒரு தடவைகூட அடுத்தவக பொருளைத் தொட்டவரு இல்ல. பொறந்த சாதிக்கே களவுச் சாதின்னு ஒரு சட்டம், அந்தச் சட்டத்துக்கு ஒரு ரேகை. அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளைகிட்ட, கோட்டுப் போட்ட சர்க்கார் மனுசர் வந்து, ஒங்கய்யாகிட்ட முப்பத்தாறு மாடு எப்படி வந்துச்சு, ஒம்பது எங்க போச்சுன்னு கேட்டா, அவ கழிப்பாளா சார்? அவுக அய்யாவைக் காப்பாத்துவாளா? நீங்க வித்தான்னு சொன்ன ஒடனே அவளுக்கு வெசாரணைன்னு ஆயிருச்சு. எட்டு வயசுல இருந்து இங்குட்டு எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியும். சர்க்கார் ஆளு மாட்டை எண்ணச் சொன்னா எண்ணக்கூடாது.

அன்னைக்குச் சாயங்காலம் அதே கணக்கை, மாட்டுக்குப் பதிலா பனங்கொட்டைன்னு வச்சுக் கேட்டேன். நான் கேட்டு முடிக்குமுன்ன இருபத்தேழுன்னா. பெறவு வட்டிக் கணக்கு, பின்னக் கணக்கு எல்லாம் போட்டா. சிலேட்டு அந்தா இருக்கு. அழிக்க வேணாம்னு மேல தூக்கி வச்சிருக்கேன்.

ஒச்சாயிகிட்ட நீங்க கேட்ட ரெண்டாவது கேள்வியா? அதுக்கு வாரேன். அதையும் விடப் போறதில்ல. கொஞ்சம் பொறுங்க.

தரம், தரம்ங்கிறீங்க. தரம் வேணாம்னு நான் சொல்லல. கன்னியர் மடத்துல படிச்சவ சார் நானு. ஒரு காற்புள்ளி தப்பானாலும் கையை நீட்டச் சொல்லுவாக. ஆனா இப்ப இந்தத் தரத்தைப் பத்திப் பேசுறது யாரு? போன மாசம் ஜில்லா போர்டு ஆளுக ரெண்டு பேரு இங்க வந்து சாவடியில கூட்டம் போட்டாக. ஒருத்தரு சொன்னாரு, கிராமத்து ஸ்கூலெல்லாம் கெட்டுப்போச்சு, பாதிப் பிள்ளைக பாசாகலைன்னா சர்க்கார் குடுக்குற கிராண்டுப் பணத்தை நிறுத்தணும்னு. இன்னொருத்தரு எந்திரிச்சு, பரீட்சையே வெள்ளைக்காரன் செஞ்ச சூழ்ச்சி, அதைத் தூக்கிப் போட்டுட்டுப் பிள்ளைக தக்களியில நூலு நூக்கட்டும், ஏரு பிடிக்கட்டும்னாரு. ரெண்டு பேருக்கும் கைதட்டல். நான் பொம்பளைக பக்கத்துல பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எனக்கு என்ன தோணுச்சுன்னா, மொத ஆளு சொல்றபடி நடந்தாலும் ஒச்சாயி பரீட்சை எழுதப்போறதில்ல, ரெண்டாவது ஆளு சொல்றபடி நடந்தாலும் எழுதப்போறதில்ல. இம்புட்டுச் சண்டை எதுக்கு. ரெண்டாவது ஆளோட மகன் மதுரையில காலேஜு பரீட்சைக்கு ராப்பகலாப் படிச்சுக்கிட்டு இருக்கான், அது ஒங்களுக்கும் தெரியும். சிரிக்கிறீங்க.

இந்தப் பக்கம் எங்க மிசன் ஸ்கூலு மேனேஜர், பாதிரிச் சாமியாரு. அவுக நல்லவுகதான். ஆனா கிராண்டு போயிரும்ங்கிற பயம். அதனால கட்டாயம் பாசாகுற பிள்ளையை மட்டும் அனுப்புங்கன்னு கடுதாசி போட்டாக. அதைக் கேக்கத்தான் எங்க வீட்டுக்காரரு மதுரைக்குப் போயிருக்காரு. அவரு இங்க இருந்தா என்னை இம்புட்டுப் பேச விட்டிருக்க மாட்டாரு. நீங்க அவரு இல்லாத நாளாப் பாத்து வந்ததும் நல்லதாப் போச்சு.

ஒரு வருசம் கழிச்சு எழுதலாமா? எழுதலாம் சார், மத்தவகளா இருந்தா. மலையாண்டி என்கிட்ட வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னு சொன்னாரு, உசிலம்பட்டியில அவ தாய்மாமன் வீட்டுல வைகாசிக்குப் பொண்ணு கேக்குறாக டீச்சரம்மா, எங்காத்தாளும் பொண்டாட்டியும் சரின்னுட்டாக, ஆனா இவ பரீட்சை எழுதிப் பாசானா நான் டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புவேன், யாரு தடுத்தாலும் அனுப்புவேன்னு. எழுதவே விடலைன்னா அவரு எதை வச்சு அந்த வீட்டுல வாயைத் தொறப்பாரு? பதினாலு முடிஞ்சிருச்சு அவளுக்கு. சித்திரையில அழகரு ஆத்துல எறங்கின கையோட இங்க பந்தக்கால் நட்டுருவாக. நீங்க அடுத்த வருசம் வந்து ஒச்சாயி எங்கன்னு கேட்டா, நான் உசிலம்பட்டிப் பக்கம் கையைக் காட்டணும்.

என்ன உறுதியா? செலக்‌ஷன்ல விழுந்த பிள்ளை பெறவு தேறும்னு என்ன உறுதின்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. அதைத்தான் சார் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை கதை சொல்றேன். அதுவும் எட்டாப்புதான், மதுரையில மடத்து ஸ்கூலு. அந்த ஸ்கூலுல வருசா வருசம் நூத்துக்கு நூறு பாஸ். எப்படி நூத்துக்கு நூறு? சந்தேகமுள்ளதை முன்னக்கூட்டியே எடுத்துருவாக. செலக்‌ஷன் அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு அம்மை எறங்கி மூணே நாளு. கண்ணுல பூச்சி பறக்குது, பேப்பரு மேல எழுத்தே நிக்கல. ஆறு மார்க்குல போச்சு. சிஸ்டர்கிட்ட அழுதுச்சு. அடுத்த வருசம் பாப்போம்னாக. அடுத்த வருசம் அவ அப்பாவுக்கு மில்லுல கை போயிருச்சு, பெறவு ஸ்கூலு ஏது. ஒரு எழுத்தும் தப்பா எழுதாத பிள்ளை சார். பரீட்சை ஹாலு வாசப்படியைக்கூட மிதிக்கல. அவளோட அக்கா மட்டும் அதுக்கு முந்தியே பாசாகி, டிரெயினிங் முடிச்சு, வாத்தியாரம்மா ஆயிட்டா. தங்கச்சி லீவுக்கு லீவு அக்கா வீட்டுக்குப் போவா. அக்கா பாட நோட்டை இவதான் எழுதிக் குடுப்பா. அக்காளுக்கு மேலுக்குச் சொகமில்லாத நாளையில வகுப்புக்கும் போவா.

அந்தத் தங்கச்சி பெறவு என்ன ஆனாளா?

இன்ஸ்பெக்சன் புஸ்தகம் ஒங்க முன்னாலதான் கெடக்கு. போன வருசத்துப் பக்கத்தை எடுங்க. ஒங்க கையெழுத்து. இந்தப் பள்ளியின் பெண் ஆசிரியை கணிதம் கற்பிக்கும் முறை மற்றப் பள்ளிகள் பார்த்துப் பின்பற்றத் தக்கது. அதுக்கு முந்தின வருசம் வேற துரை எழுதினது, அதுவும் நல்லாத்தான் இருக்கும். அஞ்சு வருசம், ஒவ்வொரு பக்கமா வாசிங்க. நான் அவசரப்படுத்தல. நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு.

இப்ப சர்டிபிகேட்டைப் பாருங்க. இன்னாசியம்மாள். கணக்குப் பாத்தா இன்னைக்கு முப்பத்தொண்ணு. நீங்க மொதல்ல என் மூஞ்சியைப் பாத்தீங்க, பெறவு அதைப் பாத்தீங்க, பெறவு வயசு என்னம்மான்னு கேட்டீங்க. கண்டுபிடிச்சுட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். மூத்தவளைப் பெத்த நாலாம் நாளு எங்கக்கா காய்ச்சல்ல போயிட்டா. கைப்பிள்ளையோட மச்சான் தனியா நிக்க, கோயில்ல பர்மிசன் வாங்கி, எங்க வீட்டுல என்னை அவருக்குக் கட்டி வச்சாக. அக்கா பிள்ளைக்குத் தாயா வந்தேன், அக்கா அடுப்புல சோறு வடிச்சேன். லீவு முடிஞ்சு ஸ்கூலு தொறந்த அன்னைக்கு வேற டீச்சரு வரல, மணி அடிச்சுருச்சு, பிள்ளைக ஒக்காந்திருச்சு. நான் உள்ள போனேன். எங்கக்காளைத் தெரிஞ்ச பழைய சாமியாரு மாத்தலாகிப் போயிட்டாக. ரிஜிஸ்தர்ல பேரை யாரும் மாத்தல.

எங்க வீட்டுக்காரரை இதுல சேக்காதீங்க. அவரு ஒவ்வொரு மாசமும் சொல்லிருவோம் சொல்லிருவோம்னாரு, நான்தான் விடல.

ஊருக்கா? ஊருக்கே தெரியும் சார். எங்கக்காளைத் தூக்கிக்கிட்டுப் போயி அடக்கம் பண்ணினவகளே இவுகதானே. அஞ்சு வருசமா எத்தனை ஆபீசரு வந்து போனாக, ஒரு ஈ காக்கா வாயைத் தொறக்கல.

இப்ப அந்த ரெண்டாவது கேள்விக்கு வாரேன். மாட்டுக் கணக்கு முடிஞ்சதும் நீங்க ஒச்சாயிகிட்ட கேட்டீங்க, சரி, ஒங்க டீச்சர் பேராவது சொல்லுன்னு. அவ என்னைப் பாத்தா. பெறவு தரையைப் பாத்தா. தெரியாதுன்னா. அஞ்சு வருசமாப் படிக்கிற டீச்சரு பேரு தெரியாத மக்குன்னு எழுதி, அதுக்கும் சேத்துத்தான் அந்தப் பென்சில் கோடு. அவளுக்குத் தெரியும் சார். என் பேரும் தெரியும், எங்கக்கா பேரும் தெரியும். ஒரு பேரைச் சொன்னா பொய்யி, இன்னொரு பேரைச் சொன்னா என் சோத்துல மண்ணு. ஒரு நிமிசத்துல அம்புட்டையும் கூட்டிக் கழிச்சுட்டு, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி மார்க்கை விட்டுட்டா. அதை விடப் பெரிய கணக்கு நீங்க அந்த எட்டுப் பேருக்கும் குடுக்கல.

அதனாலதான் இன்னைக்கு நானே பேசினேன். இந்தாங்க, பேனா. மை இருக்கு. அந்தக் கோட்டை அழிச்சுட்டு, பேரை மையில எழுதிருங்க. ஒச்சாயி, தகப்பனாரு மலையாண்டி. ஆமா, மழைக்கு வர்ற ழ இல்ல, மலைக்கு வர்ற ல தான். கையெழுத்தும் போட்டுருங்க, கீழ. காயட்டும், லிஸ்ட்டை மடிச்சுராதீங்க.

இப்ப அந்தச் சர்டிபிகேட்டு சரிபாக்குற தாளை எடுங்க, எழுதிக்கங்க. இன்னாசியம்மாள் செத்துப்போயி அஞ்சு வருசத்துக்கு மேலாச்சு. இங்க பாடம் நடத்துறது அவ தங்கச்சி, ஆனிமேரி. வயசு கேட்டீங்கல்ல, இருபத்திநாலு.