நாஹித்தின் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை

நாஹித்: ...பொத்தானை அமுக்கினேன்னு சொல்றேன்ல. ஒண்ணும் வரலை. திரை கறுப்பாவே இருக்கு.

வஜீஹ்: இரு, இரு. முதல்ல ஸலாம் சொல்லு.

நாஹித்: அஸ்ஸலாமு அலைக்கும். கம்ப்யூட்டர் கிளம்பலை.

வஜீஹ்: வஅலைக்கும் ஸலாம். அது கிளம்பாம மாசக்கணக்காச்சே. இன்னைக்கு என்ன திடீர்னு?

நாஹித்: நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வினாத்தாள் குடுக்கணும். கையால எழுதிக் குடுத்தா தலைமையாசிரியை மூஞ்சியைச் சுளிக்கறா. அதான் கூப்பிட்டேன். வேற ஒண்ணுமில்லை.

வஜீஹ்: வேற ஏதாவதான்னு நான் கேக்கவே இல்லையே.

நாஹித்: கேப்பியோன்னு முந்திக்கிட்டேன்.

ஹாஜ்: யாருப்பா போன்ல? என் பட்டறைக் கம்ப்யூட்டர் பொட்டியை எப்போ ரிப்பேர் பாப்ப? கட்டில் அளவெல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு, ஆசாரிங்க எல்லாம் டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

வஜீஹ்: வீட்லேர்ந்து பேசறாங்க, ஹாஜ் தஸூக்கி. கொஞ்சம் பொறுங்க.

ஹாஜ்: எந்த வீடு? தலாக் சொல்லிட்டு வந்து நீதான் கடைப் பரண்ல படுத்துக் கெடக்கியே...

நாஹித்: அந்த மனுஷன் சொல்றது எனக்குக் கேக்குது.

வஜீஹ்: கேக்கட்டும். பொய் ஒண்ணும் சொல்லலையே அவர். சரி, பொட்டிக்குப் பின்னாடி பாரு. கறுப்பு வயர் இறுக்கமா இருக்கா?

நாஹித்: இறுக்கமாத்தான் இருக்கு.

வஜீஹ்: குனிஞ்சு பாத்தியா?

நாஹித்: பாத்துட்டுத்தானே சொல்றேன்.

வஜீஹ்: மேசைக்குக் கீழயா?

நாஹித்: பின்ன, கட்டிலுக்குக் கீழயா?

வஜீஹ்: கோவப்படாதே. பொட்டி முன்னால விளக்கு எரியுதா?

நாஹித்: எரியுது... இல்லை, எரியலை. எரியணுமா?

வஜீஹ்: எரிஞ்சா நல்லது.

நாஹித்: அப்போ லேசா எரியுது.

ஹாஜ்: ஏன்ப்பா சிரிக்கறே?

வஜீஹ்: ஒண்ணுமில்லை, ஹாஜ். நாஹித், உள்ள காத்தாடி சுத்தற சத்தம் கேக்குதா?

நாஹித்: ம்... ஏதோ சத்தம் கேக்குது.

வஜீஹ்: எனக்கும்தான் கேக்குது. ஆனா அது நெய்யில பூண்டு பொரியற சத்தம் மாதிரி இருக்கே.

நாஹித்: முலூகியாக் கீரைக்குத் தாளிக்க வச்சேன். கருகிடும்... இரு, வரேன். போனை வச்சுடாதே.

வஜீஹ்: வைக்கலை.

ஹாஜ்: போயிட்டாளா? ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. தலாக்குக்கப்புறம் அவ காத்திருக்கற இத்தா முடிஞ்சுதா?

வஜீஹ்: அது எனக்கெப்படித் தெரியும்? மாசவிலக்கு மூணாவது தடவை வந்து போச்சான்னு அவ சொன்னாத்தானே தெரியும். அந்த விஷயத்துல அவ வார்த்தைதான் சாட்சி.

ஹாஜ்: முடியறதுக்குள்ள நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னா அவ உன் பொண்டாட்டி. முடிஞ்சுட்டா புதுசா நிக்காஹ், புதுசா மஹர் பணம். அவ அண்ணன் உன்னை வாசப்படி ஏற விடுவானா?

வஜீஹ்: விடமாட்டான். மன்ஸூராவுல ஒரு மருந்துக்கடைக்காரரை அவளுக்குப் பாத்து வச்சிருக்கானாம்.

ஹாஜ்: அப்புறமும் கல்லாட்டம் உக்காந்திருக்கியே. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

வஜீஹ்: சொல்லிடலாம், ஹாஜ். சட்டப்படி அவ சம்மதம்கூட வேண்டாம். அதனாலதான் வாய் வரலை. போன்னு சொன்னப்பவும் அவளை நான் கேக்கலை. வான்னு சொல்றப்பவும் கேக்காம இழுத்துக்கிட்டு வந்தா, நான் என்ன மனுஷன்?

ஹாஜ்: அப்போ கேளு.

வஜீஹ்: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?

நாஹித்: வந்துட்டேன். என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு...

வஜீஹ்: கட்டில் அளவு பேசிக்கிட்டிருந்தோம். பூண்டு தப்பிச்சுதா?

நாஹித்: தப்பிச்சுது. கொஞ்சம் செவந்துடுச்சு, அவ்வளவுதான்.

வஜீஹ்: எனக்கு அப்படித்தான் புடிக்கும்.

நாஹித்: உனக்குன்னு யார் சொன்னா? ...சரி, அடுத்து என்ன பண்ணணும்?

வஜீஹ்: கிளம்பறப்போ கீக்குனு கத்துதா?

நாஹித்: எத்தனை தடவை கத்தணும்?

வஜீஹ்: நீ கேட்டதைச் சொல்லு.

நாஹித்: ரெண்டு... மூணு.

வஜீஹ்: மூணுன்னா ராம்ல கோளாறு. மூடியைக் கழட்டு.

நாஹித்: கழட்டிட்டேன்.

வஜீஹ்: அதுக்குள்ளேயா? திருகெல்லாம் துருப்புடிச்சு இறுகியிருக்குமே.

நாஹித்: நீ போனப்புறம் வீட்டுல எல்லாத்தையும் நான்தானே கழட்டி மாட்டறேன். குழாய் ஒழுகினா நான், பல்பு போனா நான். நீ இருந்தப்பவும் அப்படித்தான். இந்தத் தும்யாத்து ஊர்ல இருக்கற பொட்டிக்கெல்லாம் வைத்தியம் பாப்ப, வீட்டுப் பொட்டியைத் தொடமாட்ட. தச்சன் வீட்டுக் கதவுதான் எப்பவும் ஆடும்னு சும்மாவா சொன்னாங்க.

ஹாஜ்: அது நிஜம்தான். எங்க வீட்டுக் கதவு இன்னைக்கும் மூடாது.

வஜீஹ்: ஹாஜ்...

ஹாஜ்: நான் வாயைத் தொறக்கலை.

வஜீஹ்: நாஹித், நீ அன்னைக்கு இதையேதான் சொன்னே. சரியாத்தான் சொன்னே. பதில் சொல்லத் தெரியாமதான் அந்த வார்த்தையைத் தூக்கிப் போட்டேன்.

நாஹித்: ...இப்போ ராமை என்ன பண்ணணும்?

வஜீஹ்: ராம் கெடக்குது. கேக்கறியா நீ?

நாஹித்: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ராமை என்ன பண்ணணும்னு சொல்லு.

வஜீஹ்: உருவி எடுத்து, பென்சில் ரப்பர் வச்சு அந்த மஞ்சக் கோட்டை மெதுவாத் தேய்க்கணும். திரும்பச் செருகணும். இன்னைக்கு முடியலைன்னா விடு, நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்.

நாஹித்: நாளைக்குச் சாயங்காலம் வேண்டாம்.

வஜீஹ்: ஏன்?

நாஹித்: நாளைக்குக் காலையில நான் குளிச்சிடுவேன்.

ஹாஜ்: போன் கீழ விழப்போகுதுப்பா, புடி.

நாஹித்: வஜீஹ்? இருக்கியா?

வஜீஹ்: இருக்கேன்.

நாஹித்: நான் சொன்னது புரிஞ்சுதா?

வஜீஹ்: புரிஞ்சுது. மூணாவது.

நாஹித்: ஆமா. குளிச்சு, ஃபஜ்ர் தொழுதுட்டா இத்தா முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீ இந்தப் படியேறினா அந்நிய ஆம்பளை. கதவைத் தொறக்க மாட்டேன்.

ஹாஜ்: என்னப்பா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?

வஜீஹ்: இதை ஏன் முதல்லயே சொல்லலை?

நாஹித்: எப்படிச் சொல்றது? என்னைத் திரும்பக் கூட்டிக்கோன்னு நானே கேக்கணுமா? நீயா சொன்ன வார்த்தை, நீயா எடுக்கணும். மூணு மாசம் படிக்கட்டுல காலடிச் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டி வச்சிருந்தேன். அண்ணன் வந்தான், பால்காரன் வந்தான், நீ வரலை.

வஜீஹ்: நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்.

நாஹித்: வேண்டாம்னு நினைக்கறவ முலூகியாவை அடுப்புல வச்சுக்கிட்டு உனக்கு போன் பண்ணுவாளா?

வஜீஹ்: அப்போ கேக்கறேன். நான் திரும்பி வரட்டுமா?

நாஹித்: நிபந்தனை இருக்கு.

வஜீஹ்: சொல்லு.

நாஹித்: பொழுது சாஞ்சு மக்ரிப் பாங்கு சொன்னதும் கடையைச் சாத்தணும். இனிமே கோவம் வந்தா தட்டை உடை, அந்த வார்த்தையைத் தொடாதே. இன்னொரு தடவை சொன்னா நான் போன் பண்ணமாட்டேன்.

வஜீஹ்: தட்டைக்கூட உடைக்கலை. ஹாஜ், எதிர்க்கடை ஃபத்ஹியைக் கூப்பிடுங்க. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்.

ஹாஜ்: ஃபத்ஹி, டீயை அப்படியே வச்சுட்டு ஓடி வா. கை துடைக்கறதெல்லாம் அப்புறம்... வந்துட்டான்ப்பா. சொல்லு, சொல்லு.

வஜீஹ்: அல்லாஹ்வை முன்வச்சு, இந்த ரெண்டு பேரையும் சாட்சியா வச்சுச் சொல்றேன். நாஹித், உன்னை என் மனைவியாத் திரும்ப எடுத்துக்கிட்டேன்.

ஹாஜ்: மப்ரூக். நல்லா இரு மகளே, மப்ரூக். கேக்குதாம்மா?

வஜீஹ்: நாஹித்... அழறியா?

நாஹித்: வெங்காயம்.

வஜீஹ்: முலூகியாவுக்கு ஏது வெங்காயம்?

நாஹித்: சாலடுக்கு நறுக்கறேன், போதுமா? ...வஜீஹ், ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

வஜீஹ்: சொல்லு.

நாஹித்: வினாத்தாளை நான் எப்பவோ கையால எழுதிக் குடுத்தாச்சு. அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே நான் போகலை. விளக்கும் பாக்கலை, மூடியும் கழட்டலை. பேச ஆரம்பிச்சதுலேர்ந்து அடுப்பாங்கரையிலதான் நிக்கறேன். கூப்பிடறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு இருந்துச்சு.

வஜீஹ்: தெரியும், நாஹித். பொட்டி இங்க என் மேசை மேல ஓடிக்கிட்டிருக்கு. காலையில நீ மீன் சந்தைக்குப் போன நேரம் பாத்து, நானே சாவி போட்டுத் தொறந்து தூக்கிட்டு வந்தேன்... காணோம்னு சண்டை போடவாவது நீ கூப்பிடுவியேன்னு.