கல்லு ஏறாத ஆமை

இல்லண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, முதல்ல இந்தப் பல்ப மாத்திக் குடுங்க. போன மாசம் உங்க கடையிலதான் வாங்கினேன். ‘இதப் போட்டா ஆமை தானா கல்லு மேல ஏறி வெயில் காயும்மா’ன்னு நீங்கதான சொன்னீங்க? எங்க ஏறுது? பத்து நாளா தண்ணிக்கு அடியிலயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. என்னமோ நான் அதோட சொத்த எழுதி வாங்கிட்ட மாதிரி!

என் ஆமை இல்லண்ணே அது, பொண்ணோடது. வேலை கெடச்சு வேற ஊருக்குப் போறப்ப, ‘மூணு மாசம் பாத்துக்கம்மா’ன்னு தொட்டியோட என் தலையில கட்டிட்டுப் போயிட்டா. ரெண்டு பக்கத்துக்கு எழுதி செவுத்துல ஒட்டிட்டு வேற போயிருக்கா. வாரம் ஒரு தடவ பாதித் தண்ணி மாத்து, பில்டர் பஞ்ச குழாத் தண்ணியில அலசாத, தொட்டித் தண்ணியிலயே அலசு... இவளப் பெத்து வளத்தப்ப எனக்கு யாரும் இப்படி எழுதிக் குடுக்கலண்ணே!

எங்க வீட்டுக்காரர் இருக்காரே, லிப்ட் ரிப்பேர் பாக்குறவரு. ஊர்ல உள்ள லிப்ட்டையெல்லாம் ஏத்தி எறக்குவாரு, ஒரு ஆமைய ஒரு கல்லு மேல ஏத்த முடியல! ‘அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப ஏறும்’னு பேப்பர விரிச்சிட்டாரு.

எனக்கும் முதல்ல அதப் புடிக்கவே புடிக்காது, சொல்லிடறேன். ஆனா காலையில நான் சமையக்கட்டுல பாத்திரத்த உருட்டினா போதும், ரெண்டு கையையும் வச்சுக் கண்ணாடியத் தட்டும். என்னத்தான் கூப்பிடுது! எங்க வீட்டுல வேற யாரு அப்படிக் கூப்பிடுறா? நாலு நாளா அதுவும் இல்லண்ணே. தீனிய மூக்குக்கு முன்னாடி போட்டாலும் திரும்பிக்குது. ஞாயித்துக்கிழமை பொண்ணு வர்றா. போன்ல கேட்டப்ப, ஜோரா இருக்குடின்னு பொய் சொல்லிட்டேன். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? அவள விடுங்க, எனக்கே தாங்காதுண்ணே.

என்ன? பல்பு எரியுதாவா? ஜம்முன்னு எரியுது. சூட்டுக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். மழை இப்படி ஊத்துதே, மாடியில ஒரு துணி காயுதா? இதுக்கு அடியில போட்டா ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு...

எதுவா? சாக்ஸ்தாண்ணே. அவரோடது. அந்தக் கல்லு சும்மாதான கெடக்கு, ஆமைதான் ஏறலயே...

இல்ல, முதல்ல ஏறிச்சு. மொத வாரம் ஏறிச்சே! நாலு காலையும் நீட்டிக்கிட்டு ராஜா மாதிரி படுத்திருக்கும். அப்புறம் மழை புடிச்சிக்கிச்சு. நான் சாக்ஸப் போட்டேன். அதுக்கு அப்புறம்தான்...

அய்யய்யோ!

தெனமும் ரெண்டு ஜோடிண்ணே. லிப்ட் குழியில நாள் முழுக்க நின்ன சாக்ஸு. எத்தன சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது, நானே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் தொடுவேன். பாவம், அது எப்படிண்ணே ஏறும்? இவளும் ரெண்டு பக்கம் எழுதினாளே, சாக்ஸ் போடாதன்னு ஒரு வரி எழுதினாளா?

சிரிக்காதீங்க. என்னது, சாக்ஸு தீப் பத்திக்கிட்டிருக்குமா! வேணாம் சாமி, போன உடனே எடுத்துடறேன். ஆமை தேறிடும்ல? நல்லாக் காய்ஞ்சா தீனி எடுக்கும்ங்கிறீங்க... இல்லன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும், சரி, தூக்கிட்டுப் போறேன். அப்பாடா, இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு.

பொண்ணு உங்க கடைக்கு வந்தா வாயத் தொறந்துடாதீங்க. பல்பு மாத்த வேணாம், இத அதுக்கே போட்டுடறேன். அப்புறம்ணே... இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா, கொஞ்சம் சூடு கம்மியா? இல்லல்ல, ஆமைக்கு இல்ல...